ராணி முகத்துக்கு வாங்கிய வெள்ளை

1. துணி

கனகவல்லியின் இடது கன்னத்தைத் துடைத்தபோது வெள்ளைப் பூச்சோடு தோலும் சேர்ந்து வந்தது. கட்டைவிரல் நகம் அளவுக்கு. அவள் கத்தவில்லை. கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "ரத்தம் வருதாக்கா? ஜாக்கெட்டுல படாம பாத்துக்குங்க," என்றாள். அந்த ஜாக்கெட் நாடகக் கம்பெனியுடையது. கறை பட்டால் முதலாளியிடம் யார் திட்டு வாங்குவது என்பதுதான் அவள் கவலை.

டாக்கி என்ற பேசும் படங்கள் பினாங்குக்கு வந்த புதிது. டவுனில் ஒரு தமிழ் நாடகக் கம்பெனியில், பெண்களுக்கு மேக்கப் போடுவது என் வேலை. கனகவல்லிதான் கதாநாயகி. ஆயர் ஈத்தாமிலிருந்து அம்மாவோடு டிராமில் வந்து இறங்குவாள். நல்ல குரல். ஒப்பனை நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணை மூடிக்கொண்டு வசனத்தை முணுமுணுப்பாள். நான் என்ன பூசுகிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

இப்போது பார்லர்களில் வேலை செய்யும் பெண்கள் என்னிடம், "ஆன்ட்டி, ஓல்டு ஸ்டைல் ஈவினிங் மேக்கப் எப்படிப் போடுவீங்க?" என்று ஆசையாகக் கேட்கிறார்கள். சொல்கிறேன். ஆனால் இந்தக் கதையையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

2. முதலாளியின் ஆசை

டாக்கியால் எங்களுக்குக் கூட்டம் குறைந்தது. முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. அவருடைய அப்பா காலத்து நாடகம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார். அதில் வரும் ராணிக்கு அந்தக் காலத்து மேடை முகமே வேண்டும் என்றார்.

"நிலா மாதிரி வெள்ளையா இருக்கணும். மை காது வரைக்கும் ஓடணும். உதடு சின்னதா, கருஞ்சிவப்பா. கடைசி வரிசையில உக்காந்தவனுக்கும் அந்த மொகந்தான் தெரியணும், புரியுதா?"

நான் சொன்னேன்: "மொதலாளி, அப்போ மண்ணெண்ணெய் விளக்கு, கேஸ் விளக்கு. மங்கல் வெளிச்சம், அதனால அத்தனை வெள்ளை தேவைப்பட்டுச்சு. இப்ப நம்மகிட்ட கரண்ட் பல்பு. அதுல அப்படிப் பூசினா சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கும்."

"ஒனக்கு என்ன தெரியும்? சொன்னதைச் செய்!"

வழக்கமாக நாங்கள் வாங்கும் முத்துவெள்ளைப் பவுடரைப் பூசியபோது இரண்டு பாட்டு முடிவதற்குள் வியர்வையில் திட்டுத் திட்டாகப் போனது. மறுவாரம் அவரே ஒரு டப்பா கொண்டுவந்து வைத்தார். மேலே ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டு கிழிக்கப்பட்டிருந்தது. "இது நிக்கும். வாசலின்ல கொழைச்சுப் போடு," என்றார்.

அந்த டப்பாவைத் தூக்கியபோதே எனக்குத் தெரிந்தது. முத்துவெள்ளை அவ்வளவு கனக்காது. கையில் ஒரு படிக்கல் இருப்பது போல இருந்தது. துறைமுகத்தில் சரக்கேற்றும் தொங்காங் படகுகளுக்கு வெள்ளை அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். பெயிண்ட் கடையில் ஈய வெள்ளை என்று விற்பார்கள். அது இப்படித்தான் கனக்கும்.

தெரிந்தது என்று எழுதிவிட்டேன். அன்றைக்கு அதைச் சந்தேகம் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டப்பாவைத் திறந்தேன். குழைத்தேன். பூசினேன். பிரமாதமாக நின்றது. சொட்டு வியர்வை அதை அசைக்கவில்லை. கொட்டகை நிறைந்தது.

3. ஈறு

மூன்று மாதம். வாரத்துக்கு நான்கு ஆட்டம்.

முதலில் அவள் முகத்தில் அரிப்பு வந்தது. வேப்பிலை அரைத்துப் போடச் சொன்னேன். பிறகு வயிற்றில் முறுக்கு முறுக்காக வலி. பயறு சாப்பிட்டிருப்பாய் என்றேன். வாயில் எப்போதும் காசை வைத்துச் சப்பிய ருசி இருப்பதாகச் சொன்னாள். ஒருநாள் மேடையில் ராணியின் வாள் கையிலிருந்து நழுவி விழுந்தது. சபை சிரித்தது. உள்ளே வந்ததும் முதலாளி, "கையில எண்ணெய் தடவிட்டா வந்த?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அவள் மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தோல் உரிந்த மறுநாள் காலை நானே அவளை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் அவள் கன்னத்தை அதிகம் பார்க்கவில்லை. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். பல்லோரமாக நீலக் கோடு ஒன்று ஓடியது.

"வீட்டுக்காரர் பெயிண்டரா?"

"கல்யாணம் ஆகலைங்க," என்றேன்.

"அப்ப இவங்களே பெயிண்ட் வேலை செய்யிறாங்களா?"

கைப்பையிலிருந்து துணியில் முடிந்து வைத்திருந்த வெள்ளையை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். அவர் அதை விரலால் தொடக்கூட இல்லை. "இதையா மூஞ்சியில பூசுனீங்க? ஒங்களுக்கெல்லாம் மூளை இருக்கா? இது ஈயம்மா, ஈயம்! விஷம்!" என்று கத்தினார். கனகவல்லி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

4. பூசிக்காட்டுங்கள்

அன்று சனிக்கிழமை. மாலை ஐந்து மணிக்கு ஒப்பனை அறையில் எல்லாரும் இருந்தோம். டாக்டர் சொன்னதை அவர்களிடம் சொல்லியிருந்தேன்; முதலாளியிடம் சொல்லவில்லை. கனகவல்லிக்குப் பதில் தனபாக்கியம் ராணியாக உட்கார்ந்திருந்தாள். தோழி வேஷம் போடுகிறவள், நல்ல கறுப்பு. முதலாளி உள்ளே வந்தார்.

"இவளா? இவளுக்கு ரெண்டு பங்கு வெள்ளை போடணுமே! சரி, போடு, நேரம் ஆவுது."

நான் டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போனேன். இரண்டு விரலில் அள்ளினேன்.

"மொதலாளி, மொதல்ல நீங்க. ஒரு கன்னத்துல மட்டும் பூசி விடுறேன். ஆட்டம் முடியிற வரைக்கும் வெச்சிருங்க. நாளைக்கு இவளுக்குப் பூசுறேன்."

"பைத்தியமா ஒனக்கு?"

"பூசிக்கங்க. நல்ல சாமான்தானே? நீங்கதானே வாங்கினீங்க?"

விரலை நீட்டினேன். அவர் தலையைப் பின்னுக்கு இழுத்தார். இழுத்த வேகத்தில் பின்மண்டை கதவில் மோதியது. அந்த ஓர் அசைவை அறையில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். அவருக்கு என்ன தெரியும், எவ்வளவு நாளாகத் தெரியும் என்று அதற்குமேல் யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

ராஜா வேஷக்காரர் பெருமாள் அண்ணன் தன் கிரீடத்தைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்தார். "அந்த டப்பா இந்த ரூம்ல இருந்தா நான் மேடை ஏற மாட்டேன், மொதலாளி," என்றார். முதலாளி டப்பாவை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே போனார்.

5. தனபாக்கியத்தின் முகம்

அந்தக் கோபத்தோடுதான் வேலையைத் தொடங்கினேன்.

கோல்டு கிரீம் மெல்லியதாகத் தடவித் துடைத்தேன். அவள் நிறத்துக்கு ஒரே ஒரு படி வெளிறிய, மஞ்சள் கலந்த பழுப்பு கிரீஸ் பெயிண்ட் என்ற மேடைப் பூச்சு, அதுவும் நெற்றி நடுவிலும் கன்ன மேட்டிலும் மட்டும். மலாய்ப் பெண்கள் பூசும் பெடாக் சேஜுக், அரிசிப் பவுடர் உருண்டைதான். அதைத் தண்ணீரில் கரைத்து, ஈரத் துணியால் ஒற்றினேன். விளக்கெண்ணெயில் குழைத்த கரியை இமையோரம் இழுத்து, கன்னப்பொட்டு வரை ஓட்டி, விரல் நுனியால் புருவத்தை நோக்கி மேலே தேய்த்துக் கரைத்தேன். கண் இரண்டு மடங்கு ஆனது. ரூஜ் என்ற கன்னச் சிவப்பைக் கன்னத்தின் நடுவில் வைக்காமல் எலும்புக்குக் கீழே வைத்தேன். உதட்டுச் சிவப்பின் ஓரத்தில் கொஞ்சம் கரி, நடுவில் துளி வாசலின்.

தனபாக்கியம் கண்ணாடியைப் பார்த்து, "நான்தானாக்கா இது?" என்றாள்.

பல்பு வெளிச்சத்தில் அவள் வந்து நின்றபோது கொட்டகை அடங்கியது. பழைய முகம் என்றால் பழைய டப்பா இல்லை. வெளிச்சம் மாறினால் பூச்சும் மாற வேண்டும். தொழிலைப் பற்றி நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

ஆட்டம் முடிந்ததும் முதலாளி வாசலில் நின்று, "நான் சொல்லித்தான் இப்படிப் போட்டாங்க," என்று விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மறுவாரம் அந்த ஈய வெள்ளையைக் கொட்டகைக் கதவுக்கு அடித்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உள்ளே போக முடியவில்லை. அந்த மாதமே வேலையை விட்டேன்.

6. ஆயர் ஈத்தாம்

கனகவல்லியைப் பார்க்கப் போனேன். கன்னம் ஆறித் தழும்பாகியிருந்தது. வலது கை மணிக்கட்டிலிருந்து தொங்கியது; கோப்பியை இடது கையால்தான் கொடுத்தாள். அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். ஒப்பனை அறையில் நடந்ததை எல்லாம் சொன்னேன். முதலாளி தலையை இழுத்ததைச் சொன்னபோது சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"ஒன்னு கேக்கட்டுமாக்கா? அது என்னான்னு ஒங்களுக்கு மொதல்லயே தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"சந்தேகம் இருந்துச்சும்மா."

அவள் என் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரவில்லை.

முதலாளிமேல் எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை. ஆனால் அவரை எதிர்த்து நின்ற அந்த மாலையை யாராவது மெச்சிப் பேசினால் பேச்சை மாற்றிவிடுவேன். தொழில் தெரிந்தவளுக்கு முதல் நாள் வர வேண்டிய கோபம் எனக்கு மூன்று மாதம் கழித்து வந்தது. அதனால் தனபாக்கியத்தின் முகம் தப்பியது. கனகவல்லிக்கு அது ஒன்றும் செய்யவில்லை.