நைனாவின் புது ஸ்டார்ட்டர்

எனக்குப் படிப்பு ஒன்பதாவதோடு நின்றுவிட்டது. ஆனால் தூங்குவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஓடுகிற லாரியில் வெங்காய மூட்டைமேல் தூங்கியிருக்கிறேன். திருப்பூரில் தையல் மிஷின்களுக்கு நடுவில் தூங்கியிருக்கிறேன். சூரத் ரயில்வே பிளாட்பாரத்தில் தடியால் தட்டியும் எழாமல் தூங்கியிருக்கிறேன். அப்படிப்பட்டவனுக்கு செஞ்சியில், சொந்த வீட்டில், பாய் தலையணையோடு படுத்தும் தூக்கம் போனது.

நைனாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்ததும் அக்கா சென்னையிலிருந்து போன் செய்தாள். "உனக்கின்னா, பொண்டாட்டியா புள்ளையா, நீதான் ஃப்ரீயா இருக்கற." ஒரு தகுதியின் பேரில் எனக்கு வேலை கிடைத்தது அதுதான் முதல் தடவை.

பகலில் நைனா தங்கமானவர். போட்டதைச் சாப்பிடுவார், என்னைப் பார்த்து "தம்பி எந்த ஊரு?" என்று மரியாதையாக விசாரிப்பார். ஊர் அடங்கியதும் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டி டார்ச்சைத் தேடுவார்.

"எங்க நைனா?"

"த்ரீ பேஸ் வந்துட்டுது. மோட்டார் போடணும்."

அவர் பயிர் வைத்த காலத்தில் பம்பு செட்டுக்கு வேண்டிய த்ரீ பேஸ் கரண்ட் பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும். வந்ததும் ஓடிப்போய் மோட்டார் போடாவிட்டால் மல்லாட்டைக் கொல்லை, அதுதான் வேர்க்கடலை நிலம், காய்ந்துவிடும். நிலத்தை விற்றாகிவிட்டது. மோட்டாரையும், அதைப் போடுகிற ஸ்டார்ட்டர் பெட்டியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கிணறு மட்டும் சுற்றுச்சுவர் இல்லாமல், வாயைத் திறந்துகொண்டு அதே இடத்தில் இருக்கிறது. வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். நான் கண்ணயர்ந்தால் அவர் நேராக அங்கே போவார். ஒரு தடவை பாதி வழியில் பிடித்தேன்.

அதனால் கதவுக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுத்தேன். என்னைத் தாண்டிப் போனார். கதவைப் பூட்டினேன். "எவனோ என்ன உள்ள வெச்சிப் பூட்டிட்டான்" என்று கத்தித் தெருவை எழுப்பினார். எங்கள் ஊரில் மூன்று மலைகளை வளைத்துக் கோட்டை கட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கென்ன, உள்ளே வருகிறவனைத் தடுத்தால் போதும். வெளியே போகிற ஒரு கிழவரைத் தடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

யோசனைக்குப் பஞ்சமில்லை. டாக்டர், "அவரைப் பாக்கறவங்க நல்லா தூங்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டு அம்மா பாதத்தில் விளக்கெண்ணெய் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். வழுக்குகிற காலோடு மோட்டார் போடக் கிளம்பினார். அக்கா உண்மையைச் சொல்லச் சொன்னாள். "நெலத்த வித்தாச்சுன்னு பொறுமையா சொல்லுடா, புரிஞ்சிக்குவாரு." சொன்னேன். புரிந்துகொண்டார். அன்றைக்குத்தான் விற்றது போல விடியும்வரை மாரில் அடித்துக்கொண்டு அழுதார். மறுநாள் ராத்திரி அதையும் மறந்து டார்ச்சைத் தேடினார்.

ஒரு ராத்திரி கதவருகே எங்கள் வழக்கு நடந்துகொண்டிருந்தபோது கரண்ட் போனது. இருட்டில் எப்படிப் பிடிப்பது என்று நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். நைனா அண்ணாந்து பார்த்தார்.

"போயிட்டுது பாரு. ஒரு பாத்தி நனையறதுக்குள்ள புடுங்கிட்டானுங்க."

போய்ப் படுத்தார். உடனே குறட்டை. ஆயுசு முழுக்கக் கரண்ட் இல்லாதபோது மட்டுமே தூங்கிப் பழகிய மனுஷன்.

மறுநாளிலிருந்து அவர் எழுந்ததும் நான் மெயினை இறக்கினேன். அவர் தூங்கினார். ஃபேன் நின்றுபோனதால் நான் கொசுவோடு விழித்திருந்தேன். செஞ்சிப் பாறைகள் பகலில் குடித்த வெயிலை ராத்திரியில்தான் கக்கும்.

இதை அக்காவிடம் சொல்லித் தொலைத்தேன்.

"பெத்தவர புழுக்கத்துல போட்டு வேக வெக்கறியா?"

"நீ ஒரு வாரம் வந்து பாருக்கா."

"எனக்கு ஏசி இல்லன்னா தூக்கம் வராதுன்னு தெரியாதா உனக்கு?"

அவள் வரவில்லை. இன்வெர்ட்டர் வந்தது. கடைக்காரர் அதைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்து, ஒயரை முடுக்கிவிட்டு, "இனிமே உங்க வீட்ல கரண்ட்டே போவாது" என்றார். நான் மெயின் சுவிட்சைத் திரும்பிப் பார்த்தேன்.

அன்று ராத்திரி நைனா எழுந்தார். மெயினை இறக்கினேன். விளக்கும் எரிந்தது, ஃபேனும் சுற்றியது.

"கரண்ட் போயிட்டுது நைனா."

மேலே பார்த்தார். "அப்ப அத இன்னா, உங்கப்பனா சுத்தறான்?"

வேறு வழியில்லாமல் இன்வெர்ட்டரின் பட்டனை அமுக்கினேன். இருட்டாகிவிட்டது. ஆனால் என் கை போன இடத்தை அவர் பார்த்துவிட்டார். டார்ச் அடித்துக்கொண்டு வந்து பெட்டியைத் தடவினார்.

"இன்னாடா, ஸ்டார்ட்டர் மாத்திட்டியா?"

உண்மையைச் சொல்லி ஒருமுறை பட்டது போதும் என்று இருந்தது. "ஆமா நைனா. பழசுல காயில் எரிஞ்சிட்டுது."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதில்ல. தள்ளு."

பட்டனை அமுக்கினார். பெட்டி ஒருமுறை கூவிவிட்டு உறும ஆரம்பித்தது. ஃபேன் சுற்றியது. தலையைச் சாய்த்து அந்த உறுமலைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"நல்லா இழுக்குது" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். ஸ்டார்ட்டர் வீட்டுக்கே வந்துவிட்ட பிறகு அவருக்குக் கிணற்றடியில் என்ன வேலை? நான் பழக்கத்தில் கதவுக்குக் குறுக்கே போய் நின்றேன்.

"நீ இன்னாத்துக்கு முழிச்சிக்கினு இருக்கற? வேலைக்குப் போறவன். படு. கொல்ல முழுக்கத் தண்ணி பாஞ்சதும் எழுப்பறேன்."

என்னை யாரும் அதுவரை வேலைக்குப் போகிறவன் என்று சொன்னதில்லை. படுத்தேன். கண்ணைத் திறந்தபோது வெயில் வந்திருந்தது. கதவு சாத்தியபடியே இருந்தது. நைனா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

"இன்வெர்ட்டர் வந்தப்பறம் நிம்மதியா இருக்குதுல்ல? நான் சொன்னா நீங்க கேட்டாத்தானே" என்றாள் அக்கா போனில்.

"ஆமாக்கா."

இப்போது அவர் எழுந்தால் நான் மெயினை இறக்கிப் பெட்டியையும் நிறுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். அவர் வந்து மோட்டார் போடுகிறார். நான் படுத்துக்கொள்கிறேன். கொல்லை இன்னும் பாய்ந்து முடியவில்லை போலிருக்கிறது. இதுவரை என்னை எழுப்பவில்லை.