ஒரு நாள் முன்பே ஏறிய தண்ணீர்

அந்த முனைவர் பட்ட இடத்துக்கு விண்ணப்பித்தவர்கள் எழுபத்தோரு பேர். அவர்களில் மூத்தவள் வீட்ஸ்கெ, வயது முப்பத்தொன்பது. ஐசல் ஆற்றின் நீர்மட்டத்தை முன்கூட்டியே சொல்லும் கணித மாதிரி பற்றிய ஆய்வு. நான்கு ஆண்டு, சம்பளத்தோடு. சுட்ஃபென் ஊர்ப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாகவே காலம் போய்விடும் என்று நினைத்திருந்தவளுக்கு இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை.

நேர்காணலுக்கு வருபவர்கள் சின்னதாக ஒரு மாதிரியைச் செய்துகொண்டு வர வேண்டும். அதற்கான தரவை ஆய்வுக்குழுவே இணையத்தில் வைத்திருந்தது. வீட்ஸ்கெவின் மாதிரி நாளைய நீர்மட்டத்தை இரண்டு சென்டிமீட்டர் பிசகில் சொன்னது.

"இவ்வளவு சரியா வருதுன்னா எங்கேயோ உதைக்குது," என்றான் கணவன் ஷூர்ட், ரொட்டியில் பாலாடைக்கட்டியை வைத்தபடி. "உன் கிளாஸ்ல மக்குப் பையன் ஒருத்தன் நூத்துக்கு நூறு வாங்கினா என்ன பண்ணுவ?"

"பக்கத்துல உக்காந்தவன் பேப்பரைப் பார்ப்பேன்."

நேர்காணலுக்குப் போகும் ரயிலில் அதைத்தான் செய்தாள். ஆற்று அளவைக் கம்பத்தின் மூல அளவுகளை இறக்கி, குழுவின் தரவோடு ஒப்பிட்டாள். ஜனவரி வெள்ளத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கியது செவ்வாய்க்கிழமை. குழுவின் தரவில் திங்கட்கிழமையே ஏறியிருந்தது. ஏற்ற இறக்கங்களை மழுக்குவதற்காக யாரோ முந்தின நாள், அன்று, மறுநாள் மூன்றுக்கும் சராசரி எடுத்து அன்றைய எண்ணாகப் போட்டிருந்தார்கள். இன்றைய எண்ணுக்குள்ளேயே நாளைய தண்ணீர் இருந்தது. மாதிரி எதையும் முன்கணிக்கவில்லை, எட்டிப் பார்த்திருக்கிறது.

மூல அளவில் ஓட்டினால் பிசகு பதினொரு சென்டிமீட்டர். 'இன்று உள்ளதே நாளைக்கும்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பன்னிரண்டுதான்.

நேர்காணல் அறையில் மேசைக்கு அப்பால் பேராசிரியர் ஹெர்பெனும் அவரிடம் ஆய்வை முடித்த ரூலோஃபும் இருந்தார்கள். இந்த நாட்டில் ஆய்வேட்டைப் புத்தகமாக அச்சிட்டுக் கொடுத்த பிறகுதான் வாய்மொழித் தேர்வு. ரூலோஃபின் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. புத்தகப் பெட்டிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன.

வீட்ஸ்கெ முதல் வரைபடத்தைக் காட்டினாள்.

"அழகா இருக்கே," என்றார் ஹெர்பென்.

"இது செல்லாது." காரணத்தைச் சொல்லி அடுத்ததைக் காட்டினாள்.

"அப்போ உங்க மாதிரி ஒண்ணுக்கும் உதவாது."

"ஒரு சென்டிமீட்டருக்கு உதவும்."

ரூலோஃப் சிரிக்கவில்லை. "அந்தச் சராசரி நான் போட்டது."

"புத்தகத்துல எங்கெல்லாம் வருது?" ஹெர்பென் அவன் பக்கம் திரும்பினார்.

"நாலாவது அத்தியாயம் முழுக்க." ரூலோஃப் பெட்டிகளைப் பார்த்தான். "ஏங்க வீட்ஸ்கெ, ஒரு மாசம் கழிச்சுக் கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா?"

"நேர்காணலை நீங்க இன்னிக்குத்தானே வெச்சீங்க."

ஹெர்பென் மூவருக்கும் காப்பி ஊற்றினார். ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுத்ததும், இந்த நாட்டு வழக்கப்படி, டப்பாவை மூடி வைத்தார்.

வெள்ளிக்கிழமை தொலைபேசி வந்தது. இடம் அவளுக்குத்தான். ரூலோஃபின் தேர்வு டிசம்பருக்குத் தள்ளிப்போயிற்று. அக்டோபர் முதல் தேதி வீட்ஸ்கெ சேர்கிறாள். முதல் வேலை, நான்காம் அத்தியாயத்தின் கணக்குகளை மூல அளவில் மறுபடி ஓட்டுவது.