கான்சல் சாரின் பன் கடை வழக்கு

ஜெயிச்சா வக்கீலுக்கு மாலை, தோத்தா குமாஸ்தாவுக்குத் திட்டு. இதுதாங்க எங்க தொழில். அனுபவிச்சவங்களுக்குச் சொல்லவே வேணாம்.

பரம்பரை வியாதி

தொண்ணூறுகள்ல திருவண்ணாமலையில ஒரு வக்கீல்கிட்ட குமாஸ்தாவா இருந்தேன். எங்க கட்சிக்காரங்கள்ல ஹெர்மன்னு ஒரு வெள்ளைக்காரர். தியானம் பண்ண வந்தவர், செங்கம் ரோட்டுல வாடகைக்கு இடம் பிடிச்சு பன் கடை போட்டுட்டார். அவர் கொள்ளுத்தாத்தா நூறு வருஷத்துக்கு முன்னால தென் அமெரிக்காவுல கான்சலா, அதாங்க தூதரக அதிகாரியா, இருந்தவராம். உத்தியோகத்தைப் பார்த்தோமா, வந்தோமானு இல்லாம, காபித் தோட்டம், மரவாடினு இறங்கி, எல்லாம் கையை விட்டுப் போய், அந்த ஊர் சர்க்கார் மேலயே நஷ்ட ஈடு கேட்டு கேஸ் போட்டாராம். இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு ஆட்டோக்காரங்க இவருக்கே ‘கான்சல் சார்’னு பேர் வச்சுட்டாங்க.

கேஸ் என்னாச்சுனு ஒரு நாள் கேட்டேன். பெருமையா சொன்னார்: “தோத்துட்டோம்னு இன்னும் யாரும் வந்து சொல்லல.”

குரங்குக்கு நோட்டீஸ்

ரத்தம் சும்மா விடுமா? ஓடு ஒழுகுதுனு இடத்துக்காரருக்கு ஒரு நோட்டீஸ், கதவு கிறீச்சிடுதுனு ஒரு நோட்டீஸ். இடத்துக்காரர் மாணிக்கம் அடி அண்ணாமலை விவசாயி, சாதுவான மனுஷன். அவரே வெறுத்துப் போய், கடையைக் காலி பண்ணச் சொல்லி கேஸ் போட்டுட்டார். கான்சல் சாருக்கு முகமே செத்துப் போச்சு. சொந்த ஊர்ல இருந்ததை வித்து இந்த அடுப்புல போட்டவர். இதை விட்டா போக்கிடம் கிடையாது. எனக்கே பாவமா இருந்துது.

அந்த நிலைமையிலயும், பன்னைக் குரங்கு தூக்கினு போகுது, அதுக்கும் நோட்டீஸ் விடணும்னார். வக்கீல் கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பார்த்தார்: “மரம் ஏறி கையெழுத்து வாங்கினு வருவியாப்பா?”

பௌர்ணமி வியாபாரம்

கேஸ் செலவுக்காக, பௌர்ணமி சாயங்காலம் கிரிவலப் பாதையில தட்டு தட்டா பன் அடுக்கி வியாபாரத்துக்கு நின்னார். விலை எழுதி வைக்கல. அன்னிக்கு வழியில தட்டோட ஒருத்தர் நின்னா, நம்ம ஜனத்துக்கு அது அன்னதானம்தானே! வரிசை கட்டி வாங்கிச்சு, கும்பிட்டுச்சு, போயினே இருந்துது. இவர் காசு கேக்க வாயைத் திறக்கறதுக்குள்ள ஒரு அம்மா நெத்தி நிறைய விபூதி பூசிட்டுப் போயிட்டாங்க.

மறுநாள் காலையில ஆபீசுக்கு வந்து, யார் மேல கேஸ் போடலாம்னு கேட்டுனு இருக்கார், மாணிக்கம் உள்ள வரார். முந்தின நாள் வரிசையில அவரும் குடும்பத்தோட நின்னு பன் வாங்கியிருக்கார். கேஸை வாபஸ் வாங்கப் போறேன்னார். “சோறு போடற கையைக் காலி பண்ணா மலை சும்மா விடுமாங்க? மாசாமாசம் பௌர்ணமிக்கு இதே மாதிரி குடுக்கட்டும். கடை அவருக்குத்தான்.”

கான்சல் சார் கண்ணுல பொலபொலனு தண்ணி. மாணிக்கம் படியிறங்கினதும் என் பக்கம் குனிஞ்சு கேட்டார்: “மாசாமாசம்னாரே, அதுக்கு நஷ்ட ஈடு கேக்க வழி இருக்கா?”

கொள்ளுத்தாத்தா காலத்துலேர்ந்து அந்தக் குடும்பம் ஜெயிச்ச ஒரே கேஸ் கோர்ட்டுக்கு வெளிய, பன் தட்டு முன்னால ஜெயிச்சதுதான். மாலை என்னவோ எங்க வக்கீலுக்குத்தான், எனக்கு ரெண்டு பன்.