அறுபத்து மூன்று வீட்டுக்கு ஒரே நம்பர்

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் இந்தப் பேட்டையில் சொந்தமாக டயர் கடை போட்ட முதல் ஆள் நான்தான். என்னைப் போல வெளியூரிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களுக்கு உதவ ஒரு சங்கம் வேண்டும் என்றதும், கடைக்குப் பின்னால் இருந்த அறையைத் தூக்கிக் கொடுத்தவனும் நான்தான். மேசை, நாற்காலி எல்லாம் நான் வாங்கிப் போட்டது. ஆனால் சங்கம் என்றால் அந்த அறை இல்லை, போனக்காதான்.

கட்டட வேலையில் முதுகு ஒடிந்து படுத்துவிட்ட கொத்தனாரின் மனைவி அவள். துணி தைத்து வீட்டை ஓட்டினாள். இந்த ஊர் பாஷையை டிவி பார்த்தே பிடித்துக்கொண்டாள். எங்கள் ஆட்களுக்கு அது வராது. விண்ணப்பத்தில் போன் நம்பர் கேட்டால் முழிப்பார்கள். "உன் நம்பரையே போட்டுடும்மா, வர்ற போனை நீ பேசிடு" என்று யோசனை சொன்னது நான். என் மூளையை எல்லாரும் மெச்சினார்கள்.

ஆறு வருஷத்தில் அறுபத்து மூன்று குடும்பம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வாடகை ஆபீஸ் எல்லாம் அவள் இடுப்பில்தான் மணி அடித்தன. குளிக்கப் போனாலும் போன் ஜன்னல் மேல் இருக்கும். போனக்கா என்ற பேர் வந்ததே அப்படித்தான்.

போன மாதம் அவளுக்கு மருந்துக் கம்பெனியில் நிரந்தர வேலை கிடைத்தது. மாத்திரை அடைக்கும் இடம். உள்ளே போன் கூடாது.

"என்கிட்ட குடும்மா. நான் பார்க்காத ஆபீசரா?" என்றேன்.

"ஐயா, அவங்க வேகமா பேசுவாங்க."

"நான் அதைவிட வேகமா டயர் கழட்டினவன். போ, நிம்மதியா வேலையைப் பாரு."

மூன்று நாள் ராஜா மாதிரி பேசினேன். பேசினேன் என்ன, எல்லாவற்றுக்கும் சரி என்றேன். புரியவில்லை என்று சொல்ல இந்த வாய்க்கு வரவில்லை. நாலாம் நாள் எங்கள் சங்கத்துப் பெயிண்டர் ஒருவன் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கடைக்கு வந்தான். எட்டு மாதம் காத்திருந்த கண் ஆபரேஷன். தேதியைத் தள்ளி வைக்கலாமா என்று போனில் கேட்டிருக்கிறார்கள். நான் சரி சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் போனக்கா கம்பெனிக்குப் போகவில்லை. என்னிடம் வந்து போனுக்குக் கையை நீட்டினாள்.

"நம்பரை எல்லா ஆபீஸ்லயும் மாத்திடலாம்மா" என்றேன்.

"மாத்தி யார் நம்பரைப் போடறது ஐயா? உங்களதையா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நான் போனை எடுத்து அவள் கையில் வைத்தேன். உடனே அது அடித்தது. எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, பின்னறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அந்த நாற்காலியும் நான் வாங்கிப் போட்டதுதான்.