மிச்சப் புகை யார் தலைமேல்

பாய்லர்காரருக்குப் பயம் புதிதல்ல. சாயப்பட்டறையின் பாய்லர் முன்னால் நின்று, பிரஷர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடுமோ என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். அங்கேயாவது திருகிவிட ஒரு வால்வு இருந்தது. மனைவியின் இளைப்பைக் குறைக்க எந்த வால்வைத் திருகுவது?

வீடு பட்டறைக்குப் பின்தெருவில். காற்று திரும்பிப் பட்டறைப் புகை இந்தப் பக்கம் வந்தால் போதும், அவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மூச்சு ஒவ்வொன்றும் விசிலடித்துக்கொண்டு வரும். அந்தப் புகையைக் கிளப்புவதே அவர் கைதான்.

நகரத்துப் புகையைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. எப்படிக் குறைப்பது என்று கேட்க ஒரு கூட்டமும் வைத்தார்கள். முதலாளி அவரை முன்கூட்டியே கூப்பிட்டார்.

"எல்லாரும் ஆளுக்குப் பாதி குறைக்கணும்னா நான் பட்டறையை மூட வேண்டியதுதான். நம்ம பாய்லர் அவ்வளவு கிழடு. ஆத்துக்கு அந்தப்பக்கம் புது ஆலைக்காரன் சுலபமாக் குறைச்சிடுவான். அவன் பாதிக்கு மேல கூடுதலாக் குறைக்கிறதை நான் விலைக்கு வாங்கி என் கணக்குல காட்டிக்கிட்டா, ஊருக்கு மொத்தக் கணக்கு சரியாயிடும். செலவும் கம்மி. தொழிலாளி சொன்னா எடுபடும். கூட்டத்துல நீங்க எழுந்து அதைச் சொல்லுங்க."

"சரிங்க" என்றார்.

வீட்டில் சொன்னபோது மனைவி கேட்டாள்: "ஊருக்கு மொத்தமாக் குறையும், சரி. நம்ம தெருவுல குறையுமாங்க?"

அவர் மருந்துப் பாட்டிலைத் தேடி எடுத்தார்.

"வேலை போனா மருந்து வாங்க முடியாது. வேலை இருந்தா மருந்து வாங்கிக்கிட்டே இருக்கணும். நல்லா மாட்டிக்கிட்டோம்!" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே இருமலாகிவிட்டது.

கூட்டத்தை நடத்திய அதிகாரியம்மா, ஆளுக்குப் பாதி குறைப்பது, விலைக்கு வாங்கிக்கொள்வது என்ற இரண்டு வழிகளையும் பொறுமையாக விளக்கினார். பாய்லர்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த 'அவசரம்', ஒரு டீயை அரை மணி நேரம் குடிப்பதால் கிண்டலாக அந்தப் பேர் வாங்கிய பாய்லர் உதவியாள், முழங்கையால் இடித்தான்: "எழுந்திருங்கண்ணே."

எழுந்தார். முன்வரிசையில் முதலாளி. கதவோரம் மூக்கைப் பொத்திக்கொண்டு மனைவி.

"முதலாளி சொல்றது சரிதாங்க. பட்டறையை மூடக்கூடாது."

முதலாளி தலையசைத்தார். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். கால் மடங்கவில்லை.

"ஆனா எனக்குப் பயமா இருக்குங்க. அந்தப்பக்கம் புகை போயிடும். மிச்சப் புகை மொத்தமும் எங்க தெரு மேலதான் நிக்கும். என் வீட்டுக்காரிக்கு மூச்சு விட முடியல. அந்தப் புகையைப் போடுறவனும் நான்தான். வாங்குறதை வாங்கட்டும். எங்க புகைபோக்கிக்கும் ஒரு எல்லை வைங்க."

முதலாளி திரும்பிப் பார்த்தார்.

"எல்லை வெச்சா செலவு ஏறும். அதை யாராவது தாங்கணுமே?" என்றார் அதிகாரியம்மா.

"தெரியுங்க. அது என் வேலையாக்கூட இருக்கலாம்."

அதற்குப் பிறகு முதலாளி அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆபீஸ் அறையிலிருந்து யார் கூப்பிட்டாலும் நெஞ்சு திக்கென்றது. கடைசியில் விதி வந்தது: வாங்கலாம், விற்கலாம், ஆனால் வீடுகளை ஒட்டிய புகைபோக்கிகளுக்குத் தனி எல்லை உண்டு. முதலாளி குறைக்க வேண்டியதில் பாதியை விலைக்கு வாங்கினார், மீதிக்கு வடிகட்டி மாட்டினார், இரண்டாவது ஷிப்டை நிறுத்தினார். பாய்லர்காரருக்கு வேலை தப்பியது. உதவியாள் அவசரத்துக்கு வேலை போய்விட்டது.

மனைவிக்கு மூச்சு கொஞ்சம் லேசானது. அதைக் கேட்டுச் சந்தோஷப்படவே அவருக்குப் பயமாக இருந்தது. மனசு கேட்காமல் அவசரத்தின் வீட்டுக்குப் போனார். எந்த வசவும் வாங்கத் தயாராகத்தான் போனார்.

"உள்ள வாங்கண்ணே" என்று அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். "நான் இருக்கிறது மேட்டுத்தெரு. எனக்குப் புகையே வராது. வேலைதான் வந்துக்கிட்டிருந்துச்சு."

அவர் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார்.

"அண்ணிக்கு எப்படி இருக்கு?"

"பரவாயில்லை" என்றார்.

மறுநாள் இரண்டு பேரும் ஆற்றைத் தாண்டி, புது ஆலையில் அவனுக்கு வேலை கேட்கப் போனார்கள். அவர்தான் பேசினார், குரல் நடுங்க நடுங்க. மூட்டை ஏற்றும் வேலை கிடைத்தது. சம்பளம் முன்னைவிடக் குறைவு.