பித்தப்பையில் கல் என்று சொன்னோம்

எடை குறைய நான் செய்துகொண்ட முதல் அறுவை சிகிச்சையில் என் இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி ஒரு பட்டை போட்டார்கள். ஒரே வருடத்தில் பாதியாக இளைத்தேன். ராயபுரத்தில் எங்கள் தெருவே என்னை நிறுத்தி வைத்து விசாரித்தது. நான்கைந்து வருடத்தில் அத்தனை எடையும் திரும்பி வந்துவிட்டது. பிறகு சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, யார் கண்ணிலும் படாமல் முடிவதற்குள் எழுந்து வந்துவிடுவேன்.

பட்டையை எடுத்துவிட்டு இரைப்பையில் பைபாஸ் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். பட்டை நழுவியிருக்கிறது, எல்லாம் உங்கள் தப்பில்லை என்றும் சொன்னார். துறைமுக ஆபீசிலிருந்து வரும் வழியில் நான் தின்ற ஐஸ்கிரீம் அவருக்குத் தெரியாது. தெருவில் பித்தப்பைக் கல் என்று சொல்லும்படி கணவரிடம் கெஞ்சினேன்.

வீடு திரும்பிய அன்று எதிர்வீட்டு மீன்காரம்மா தூக்கில் கஞ்சி கொண்டுவந்தார். ஒரு பருக்கைகூட இல்லாத வெறும் தண்ணீர்.

"மின்ன ஆபரேசன் பண்ணப்போ இப்டித்தானே குட்ச்சிகினு இருந்தே. அதான் வடிகட்டி எடுத்தாந்தேன்" என்றார்.

"இது கல்லுக்குப் பண்ணதும்மா" என்றேன்.

"சரி, கல்லுதான். ஆறிடப் போவுது, குடி."

அவர் முன்னாலேயே ஸ்பூன் ஸ்பூனாகக் குடித்தேன். முகத்தை நிமிர்த்த முடியவில்லை.

இந்த முறை எடை இறங்கி அப்படியே நின்றது. ஆனாலும் தெருவில் யாராவது பாராட்டினால், மறுபடி எப்போது ஏறும் என்று பார்க்கிறார்களோ என்று தோன்றும். வேகமாக நடந்துவிடுவேன்.