கட்டிலில் கேட்ட மூன்று தட்டு

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. கோலார் தங்க வயலில், ஊரிகம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்சிங் உதவியாளர் பயிற்சியில் இருந்தேன். ஆறு மாதப் படிப்பு, கடைசியில் செய்முறைத் தேர்வு. தேறினால்தான் பதிவேட்டில் பெயரும் நம்பரும் ஏறும். அந்த நம்பர் இல்லாமல் சேர்க்க மாட்டோம் என்று பெங்களூரில் எனக்கு வேலை தரவிருந்தவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். சுரங்க ஆபீஸில் ஆட்குறைப்பு நடந்து அப்பா வீட்டில் உட்கார்ந்திருந்த நேரம் அது. எனக்கு அந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும்.

எனக்கு ஒதுக்கிய நோயாளி, பக்கவாதத்தில் பேச்சுப் போன ஒரு பெரியவர். முன்னாள் சுரங்கத் தொழிலாளி. நான் தூக்கப் போகும்போதெல்லாம் இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டுவார். டொக், டொக், டொக். ஏன் தட்டுகிறார் என்று எனக்கு ஒரே குடைச்சல். நரம்புக் கோளாறா, என்மேல் கோபமா? புத்தகத்தைப் புரட்டினேன். தூக்கும்போது நோயாளியின் கைகளை மார்போடு சேர்த்து வைக்கவும் என்று மட்டும் இருந்தது. அதன்படி அந்தக் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு தூக்குவேன். அவர் உடம்பு கட்டையாக விறைத்துக்கொள்ளும். ஆடாமல் தூக்குகிறேனே, அது என் திறமை என்று எனக்கு நினைப்பு வேறு.

தேர்வு நாளன்று அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றச் சொன்னார்கள். பெங்களூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா கையில் பட்டியலோடு நின்றார். பெரியவர் தட்டினார். நான் வழக்கம்போல் கையைப் பிடித்தேன்.

பெண்கள் வார்டு ஆயா அன்று எங்கள் பக்கம் தரை துடைக்க வந்திருந்தார். "இன்னாமா, அவர் கைய ஏன் அமுக்குற? மூணு அடிக்கிறாரு, கேக்கலியா?" என்றார்.

தேர்வாளர் முகம் சுளித்தார். எனக்கோ ஒரு மாதக் குடைச்சல்; தேர்வை மறந்து, "மூணு அடிச்சா இன்னா ஆயா?" என்று கேட்டுவிட்டேன்.

"எங்க வூட்டுக்காரரும் சொரங்கத்து ஷாஃப்ட்ல மணி அடிச்சவருதான். ஏத்தி எறக்குற கேஜ் கூண்டுல ஆளு ஏறியிருந்தா, மேல இழுக்குறவனுக்கு மூணு அடிப்பாங்க. கல்லு ஏத்துன மாதிரி வெடுக்குன்னு இழுக்காத, பாத்து மெதுவா இழுன்னு அர்த்தம்."

பெரியவர் ஆயாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கண் கலங்கியிருந்தது. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. பிறந்ததிலிருந்து அந்த ஊர்தான், ஆனால் ஷாஃப்ட் பக்கம் எட்டிப்பார்த்தவள் இல்லை நான்.

தேர்வாளர் கையிலிருந்த பட்டியலை மடித்தார். பிறகு, "மறுபடி செய்யம்மா" என்றார். கையைப் பிடிக்காமல் காத்திருந்தேன். மூன்று தட்டு விழுந்தது. மெதுவாகத் தூக்கினேன். முதல்முறையாக உடம்பு விறைக்காமல், அந்த இடது கை என் தோளைச் சுற்றிக்கொண்டது.

தேறினேன். பதிவேட்டில் என் பெயர் ஏறியது. ஆயாவின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

ஒரு மாதமாக அந்த மனிதர், 'நான் கல் இல்லை, ஆள்' என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் வாயைப் பொத்துவது போல அவர் கையை அமுக்கியிருக்கிறேன். அதனால்தான் இன்றும் பேச முடியாத ஒருவரின் பக்கத்தில் போனால், சார்ட்டை எடுப்பதற்கு முன் அவர் கையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறேன்.